இறந்த இடம்: காரியாபட்டி

சௌடேஸ்வரி எதையும் எளிதில் விடுகிறவள் இல்லை. பதினோரு வயதில், பாளையம்பட்டி ரேஷன் கடையில் சீனியைக் குறைத்துப் போட்ட எடையாளரை அவள் அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடை வாசலில் போய் நின்றுகொண்டாள். வருகிறவர்களிடம், "தட்டு தரையைத் தொடுது, பாத்து வாங்குங்க" என்று மட்டும் சொன்னாள். பத்து நாளில் அவர் தராசை உயரத் தூக்கிக் கட்டினார். மாதம் முடிவதற்குள் மாற்றல் கேட்டுப் போய்விட்டார். "இவ மனசுல ஒண்ணு விழுந்தா மக்கவே மக்காது" என்பாள் அவளுடைய அம்மா. பெருமையாகச் சொன்னாளா, கவலையாகச் சொன்னாளா என்பது கேட்கிறவர் பாடு.

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் தெருவில் வாழ்க்கைப்பட்டாள். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். கணவர் ராஜகுரு விசைத்தறியில் சேலை ஓட்டினார். அவள் பாவு, அதாவது தறியின் நீளவாக்கு நூல், பிணைத்தாள். தறியில் தீர்ந்துபோன பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டவைக்கிற வேலை. ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டுப்போனால் சேலை முழுக்கக் கோடு விழும். முப்பது வருடம் அந்த வேலையைச் செய்தாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்தது திருப்பூரில்.

2023 ஐப்பசியில் ஒரு மத்தியானம், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ராஜகுரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அடுத்த வீட்டில் இருந்த அவருடைய அண்ணன் அப்பய்யா ஓடிவந்து ஆட்டோ பிடித்தார். பக்கத்தில் இருந்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். மாரடைப்பு. மாத்திரைகளைக் கடித்து மெல்லக் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கையோடு ஒரு சீட்டும் எழுதினார். ஆக்சிஜனுடன், பயிற்சி பெற்றவர் ஒருவர் கூடவே இருக்கும் வண்டியில்தான் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. 108-க்கு அவரே சொல்லிவிட்டார். வண்டி திருச்சுழிப் பக்கத்திலிருந்து வருகிறது, இருபது நிமிடம் ஆகும், அதுவரை ஆக்சிஜனோடு இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அந்த இருபது நிமிடத்துக்குள் செல்லப்பாண்டி வந்தான்.

செல்லப்பாண்டிக்குச் சொந்த ஊர் நரிக்குடிப் பக்கம். முதலில் மினி லாரியில் ஆடு ஏற்றிக்கொண்டிருந்தவன். பிறகு ஒரு பழைய வேனை வாங்கி வெள்ளையடித்து, தலையில் நீல விளக்கு மாட்டி, பக்கவாட்டில் 'ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ்' என்று எழுதி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவைத்தான். நல்ல வாய்ப்பேச்சு. யார் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டு உறவு கொண்டாடுவான்.

"அக்கா, அரசாங்க வண்டி வந்து சேர்றதுக்குள்ள நாம பாதி தூரம் போயிரலாம். அது சாதா வண்டி. இது ஐ.சி.யூ. ஆஸ்பத்திரியே உள்ளதான் இருக்கு" என்றான்.

டாக்டர் வரட்டும் என்றாள் நர்ஸ். அப்பய்யா என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். "ஏத்துங்க" என்று சொன்னது சௌடேஸ்வரிதான். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைத்ததில்லை.

வண்டிக்குள் வெள்ளைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள் இருந்தான். சிலிண்டர் சாவியை ஒரு திருகுத் திருகி, ராஜகுருவின் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, "காத்து வெளிய போகாம அழுத்திப் புடிச்சுக்கங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, முன்சீட்டுப் பக்கம் திரும்பிச் செல்லப்பாண்டியோடு பேச ஆரம்பித்தான். அப்பய்யா முன்னால் உட்கார்ந்திருந்தார். பந்தல்குடிக்காரன் யாரோ வாங்கின நிலத்தைப் பற்றிப் பேச்சு ஓடியது.

ராஜகுரு மாஸ்க்கைக் கையால் தள்ளினார். அவள் மறுபடி எடுத்து அழுத்தினாள். அவர் மறுபடி பிடுங்கப் பார்த்தார். "சும்மா இருங்க, இதுதான் உசுரு" என்று அதட்டி, அவர் கையைத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மூன்று தடவை அப்படி மல்லுக்கட்டினார். அப்புறம் கை ஓய்ந்துவிட்டது. அடங்கிவிட்டார், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. டீசல் போட. பங்கில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், உள்ளே ஆள் இருக்கும்போது டீசலுக்கு நிற்கிறாயே என்று சத்தம் போட்டது அவள் காதில் விழுந்தது. அவர்தான் பின்கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாயில் ஊற்றிய தண்ணீர் அப்படியே கன்னத்தில் வழிந்தது.

செல்லப்பாண்டி வந்து எட்டிப் பார்த்தான். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றான். அதே மூச்சில் அடுத்த யோசனையையும் சொன்னான். மதுரைக்குப் போனால், செத்துக் கொண்டுவந்தது என்று எழுதி அறுத்துத்தான் கொடுப்பார்கள். பேசாமல் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய், வீட்டில் இறந்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள். யாருக்கும் தொல்லையில்லை.

அப்பய்யா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேறு காரணம் இருந்தது. அவர்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியில் இறந்தவரின் உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே எடுத்துவிட வேண்டும். அம்மன் கோயில் மாலை வராது. தெருப் பெரியதனக்காரர்களில் ஒருவரான தன் தம்பியைத் தொட்டி ஓரத்தில் போட அவருக்கு மனம் வரவில்லை. சௌடேஸ்வரிக்கும் வரவில்லை.

ஆகவே ராஜகுருவுக்குப் போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, சாய்த்து உட்காரவைத்த மாதிரி தூக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மதுரையில் இடமில்லையாம், நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். ஐந்து மணிக்குத்தான் அழ ஆரம்பித்தார்கள். நகராட்சியில் பதிந்த இறப்புச் சான்றிதழில், இறந்த இடம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று இருந்தது. தகவல் சொன்னவர் என்ற இடத்தில் சௌடேஸ்வரியின் கையெழுத்து.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மறுவருடம் அவளுக்குக் கண் மங்கியது. இழை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிழைப்புக்கு வழி வேண்டுமே. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்க மூன்று மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தொரு வயது. வகுப்பிலேயே மூத்தவள். சொல்லிக்கொடுத்த சத்யபிரியாவுக்கு இருபத்தொன்பது. நர்ஸ் படித்துவிட்டு நாலு வருடம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவள். "ஈஸ்வரிம்மா, நீங்க பேஷண்டைத் திருப்பிப் போடுறீங்களா, சாக்கு மூட்டையப் பொரட்டுறீங்களா?" என்று கேலி செய்வாள். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டுவது, மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது, மூத்திரப் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது எல்லாம் சௌடேஸ்வரி சீக்கிரமே கற்றுக்கொண்டாள்.

ஆறாவது வாரம் சத்யபிரியா ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்தாள். சாவியைத் திறந்தாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. வட்டக் கண்ணாடியில் முள் ஏறியது. பக்கத்தில் மாட்டியிருந்த சின்னத் தண்ணீர்க் குப்பியில் குமிழ் குமிழாகப் பொங்கியது. ஆக்சிஜன் போகிறதா என்று தெரிய இதைப் பார்த்தால் போதும், குமிழ் இல்லையென்றால் ஒன்றும் போகவில்லை என்றாள்.

சௌடேஸ்வரி அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டியின் வண்டியில், அவள் முகத்துக்கு நேரே, கைக்கெட்டுகிற தூரத்தில் அதே மாதிரிக் குப்பி இருந்தது. முக்கால் குப்பித் தண்ணீர். வண்டி குலுங்கினபோது தண்ணீர் குலுங்கியது. வேறு அசைவே அதில் இல்லை. சத்தமும் இல்லை. காரியாபட்டி வரைக்கும் அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆக்சிஜன் வராத மாஸ்க்கை, காத்துப் போகாம இறுக்கி வச்சுப் புடிச்சா என்னாகும்?"

எதற்குக் கேட்கிறாள் என்று சத்யபிரியாவுக்குத் தெரியாது. "விட்ட மூச்சையே திரும்ப இழுக்கணும்மா. ஏற்கெனவே மூச்சு முட்டுறவருக்கு இன்னும் திணறும். பிடுங்கி எறியத்தான் பாப்பாங்க" என்றாள்.

டீ வந்தது. சௌடேஸ்வரி டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றைய வகுப்பு முடியும்வரை இருந்தாள். செல்லப்பாண்டிக்கு ஏழரை தொடங்கியது அந்த நாளில்தான்.

சாயங்காலம் சத்யபிரியாவை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள். ஆம்புலன்ஸ் என்று பெயர் வைத்ததெல்லாம் ஒன்றில்லை. சட்டப்படி நாலு வகை. ஏ என்பது முதலுதவிக்கு முந்தி ஓடிவருகிற வண்டி. பி, உயிருக்கு ஆபத்தில்லாத நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி. சி, அடிப்படை உயிர்காப்புக்கு. அதில் ஆக்சிஜன் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். டி-தான் ஊரார் ஐ.சி.யூ. வண்டி என்று சொல்வது. மானிட்டர், வென்டிலேட்டர், அதிர்ச்சி கொடுக்கிற கருவி, அவற்றைக் கையாளத் தெரிந்தவர், இத்தனையும் வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதியது குறைந்தபட்சம் சி. முன்பு தன்னோடு ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவரிடம் போனில் கேட்டுவிட்டு, "நீங்க காத்திருக்காம விட்ட 108 வண்டி சி-ம்மா" என்றாள் மெதுவாக. அந்த வண்டி பதினெட்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளி தனியார் வண்டியில் போய்விட்டார் என்று குறித்துக்கொண்டு திரும்பியது. அந்தக் குறிப்பு இன்றும் இருக்கும்.

சௌடேஸ்வரி அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தன் மேல் இருக்கிற கோபத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள். முதலில் அவன்.

திங்கட்கிழமை விருதுநகர் பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். பிழை திருத்தி எழுதிக்கொடுத்தது சத்யபிரியா. ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த வண்டி பி வகையாக மட்டுமே பதிவாகியிருக்கிறது என்று முதல் பத்தி. அவள் நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது பத்தியைப் படித்தாள். சம்பந்தப்பட்ட நோயாளியின் குடும்பத்தார் பாதி வழியில் மனம் மாறி வீட்டுக்கே திருப்பச் சொன்னதாகவும், நோயாளி உயிருடன் வீட்டில் இறக்கிவிடப்பட்டதாகவும் வண்டி உரிமையாளர் எழுதிக்கொடுத்திருக்கிறார். மனுதாரர் தாமே கையெழுத்திட்ட பதிவின்படியும் இறந்த இடம் வீடு. எனவே மேல்நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை.

அந்த வாரமே செல்லப்பாண்டியை எதிரில் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில், வண்டிமேல் சாய்ந்து நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். மறைந்துகொள்ளக்கூட இல்லை.

"வாங்கக்கா. கலெக்டர் வரைக்கும் போயிட்டு வந்தீகளாம். உங்க வீட்டுக்காரரு வீட்டுல செத்தாருன்னு கையெழுத்துப் போட்டது நானா? சொல்லுங்க. உங்க கையெழுத்துதான உங்களக் கட்டிப் போட்டிருக்கு" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள்.

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிக்கொடுத்த உபகாரத்துக்காகவே அவனை இன்னும் நாலு மடங்கு வெறுத்தாள். கட்டிப் போட்டது தன் கையெழுத்து என்றால், முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

நகராட்சியில் பிறப்பு இறப்பு பதிகிற சுகாதார ஆய்வாளர் சங்கரலிங்கத்துக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. நடந்ததைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பொய்த் தகவல் கொடுத்தது குற்றம், அபராதம் உண்டு என்றார். போடுங்கள் என்றாள். தவறான பதிவை ரத்து செய்யலாம், ஆனால் நேரில் தெரிந்த இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக எழுந்துபோய் அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தபடி அவளிடம் நீட்டினார். ஓடும் வண்டியில் ஒருவர் இறந்தால், வண்டிக்குப் பொறுப்பானவர், வண்டி முதலில் நிற்கிற இடத்தில் அந்த இறப்பைத் தெரிவிக்க வேண்டும்.

"எங்க நின்னுச்சு?" என்று கேட்டார்.

"காரியாபட்டி பங்க்ல. டீசல் போட."

"அப்பத் தகவல் குடுக்க வேண்டியது நீங்க இல்லம்மா. அவன்."

அந்த வாக்கியத்தை அவள் வீடு வருகிறவரை மனதுக்குள் கன்னடத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டிலும் இனித்தது.

இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்.

கணவரின் அண்ணனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அப்பய்யா சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்காரும்வரை காத்திருந்து சொன்னாள். வீட்டுப் பேச்சு என்பதால் கன்னடத்தில்தான் தொடங்கியது. கோபம் வந்ததும் அவர் தமிழுக்கு மாறினார். அந்தத் தெருவில் பெரியவர்கள் திட்டுவது தமிழில்தான்.

"செத்தவனை மறுபடி தூக்கித் தொட்டி ஓரத்துல போடப் போறியா? வெளிய செத்த ஒடம்ப நடுவீட்டுல வச்சிருக்கோம். அதுக்குப் பெறகு கோயில்ல ஒரு திருவிழாவே முடிஞ்சிருச்சு. நான் முன்ன நின்னு கரகம் எடுத்திருக்கேன். தெரு என்னையச் சும்மா விடுமா?"

"விடாது" என்றாள்.

"பெறகு?"

"நாளைக்கு நான் மட்டும் போயிச் சொன்னா, நீங்க பொய் சொன்ன ஆளு. எங்கூட வந்து சொன்னீகன்னா, பொய்யத் திருத்துன ஆளு. எதுன்னு நீங்களே பாத்துக்கங்க பாவா."

அப்பய்யா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் மேல இருக்கிற ஆத்திரத்துல எம்மேலயும் பழி வாங்குற."

"உங்க மொறை இன்னும் வரல."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் நகராட்சிக்குப் போனபோது அப்பய்யா வெளுத்த சட்டையோடு அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். எழுதிக்கொடுத்ததில் ஒரு வரிகூட விடவில்லை. வீட்டுக்குத் திருப்பலாம் என்று முதலில் சொன்னது செல்லப்பாண்டி என்பதையும், தான் அதற்கு ஒத்துக்கொண்டதையும் சேர்த்தே எழுதினார்.

இரண்டாவது ஆளைத் தேடிக் காரியாபட்டிக்குப் போனாள். பங்கில் அதே பெரியவர் இருந்தார். பெயர் நல்லமுத்து. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சாட்சி சொன்னால் என் வேலைக்குப் பழுது வருமா என்று கேட்டார். வரலாம் என்றாள், பொய் சொல்லி ஆள் சேர்க்க அவளுக்கு மனமில்லை. அவர் குழாயை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க உள்ள அவுக மேல விழுந்து கெடந்தீக. அவன் எங்கிட்ட வந்து, இங்க நல்ல டீ எங்க கெடைக்கும்னு கேட்டான்மா. அத என்னால மறக்க முடியல. எழுதுங்க, வாரேன்."

அருப்புக்கோட்டைப் பதிவு ரத்தானது. காரியாபட்டியில் புதிதாகப் பதிந்தார்கள். அவளுக்கு அபராதம் போட்டார்கள், கட்டினாள். தெருவும் தன் பங்குக்குத் தண்டனை கொடுத்தது. அந்த வருடத் திருவிழாவில் அவர்கள் இரண்டு வீட்டுப் பானகமும் கோயிலுக்குள் போகவில்லை. அப்பய்யாவைக் கரகத்துக்கு அழைக்கவில்லை. அவர் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் திருவிழா அன்று காலை புதுச் சான்றிதழின் நகலோடு விருதுநகர் பஸ்ஸில்தான் இருந்தாள்.

இந்த முறை பதில் தபாலில் வரவில்லை. அதிகாரிகளே வந்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி, போக்குவரத்திலிருந்து ஓர் ஆய்வாளர். வண்டியைச் சோதனைத் திடலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மனுதாரரும் இருக்கலாம் என்றதால் சௌடேஸ்வரி வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

மானிட்டரைப் போடச் சொன்னார் அந்தப் பெண் அதிகாரி. செல்லப்பாண்டி பொத்தானை அழுத்தினான். ஒன்றும் எரியவில்லை. பின்னால் பார்த்தால் வயரே இல்லை. வென்டிலேட்டர் என்று எழுதியிருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஜாக்கியும் இரண்டு துண்டும் ஒரு ஹவாய் செருப்பும் இருந்தன. சிலிண்டரில் ஒட்டியிருந்த சீட்டில், கடைசியாக நிரப்பிய தேதியை அதிகாரி உரக்கப் படித்தார். ராஜகுரு இறப்பதற்கும் ஏழு மாதம் முந்திய தேதி. அதற்குப் பிறகு அது நிரப்பப்படவே இல்லை. வெள்ளைக்கோட்டுக்காரரின் சான்றிதழ் எங்கே என்றார். செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தான். அந்த வெள்ளைக்கோட்டு ஆள் பந்தல் போடுகிற இடத்தில் நாற்காலி ஏற்றி இறக்குகிறவன்; செல்லப்பாண்டியின் மச்சினன்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நான் வேணும்னா செஞ்சேன்? ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டு போகணும்னுதான செஞ்சேன்" என்றான் அவளைப் பார்த்து.

அவள் அதிகாரியிடம், "அந்தக் குப்பிக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னும் எழுதிக்கங்கம்மா" என்றாள். அதிகாரி குனிந்து பார்த்தார். குப்பியில் பாசி பிடித்திருந்தது. அதையும் எழுதினார்.

வண்டியின் அனுமதியை நிறுத்தினார்கள். ஐ.சி.யூ. என்ற எழுத்தை அழித்து, பி வகைக்கு உரியதை மட்டும் எழுதி, மறுபடி தகுதிச் சான்று வாங்கும்வரை ஓட்டக் கூடாது. வாங்கினாலும் அவசர நோயாளியை ஏற்றக் கூடாது. இறப்பை முதல் நிறுத்தத்தில் தெரிவிக்காததற்குக் காரியாபட்டியிலிருந்து தனி நோட்டீஸ். ஏமாற்றியதற்கும் கவனக்குறைவால் உயிர் போனதற்கும் போலீஸில் வழக்கு. டாக்டரின் சீட்டு, 108-இன் குறிப்பு, புதுச் சான்றிதழ், இரண்டு சாட்சி, எல்லாம் ஒரே கோப்பில் போய்ச் சேர்ந்தன. டாக்டரும் நர்ஸும்கூட வாக்குமூலம் கொடுத்தார்கள். நகரத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் செல்லப்பாண்டியை நிற்கவிடவில்லை. அவன் நரிக்குடியில் மறுபடி ஆடு ஏற்றுகிறான் என்று கேள்விப்பட்டபோது, சௌடேஸ்வரி ஒரு பெரியவருக்கு முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஆடுகளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

வழக்குக் கோர்ட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காலையில் செல்லப்பாண்டி தெருவுக்கே வந்தான். கூட அவன் மனைவி. கையில் தட்டில் ஆரஞ்சும் ஆப்பிளும். தெருவில் தறிச்சத்தம் ஒன்றொன்றாக நின்றது. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா, ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. தெரியாமப் பண்ணிட்டேன். வாபஸ் வாங்கிருங்க. வேணும்னா உங்க கால்ல விழுறேன்."

"விழு" என்றாள்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. ஐயையோ எழுந்திரு என்று யாராவது பிடிப்பார்கள் என்று நினைத்திருப்பான். சுற்றிப் பார்த்தான். அப்பய்யா தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் நகரவில்லை. கடைசியில் முட்டிபோட்டு, நெற்றி மண்ணில் பட விழுந்தான். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரி, போயிட்டு வா" என்றாள் சௌடேஸ்வரி. "பதினாறாம் தேதி வாய்தா. மறந்துறாத."

பழத்தட்டை அவன் மனைவி கையிலேயே கொண்டுபோனாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை மட்டும் சௌடேஸ்வரி வாசலிலேயே நின்று பார்த்தாள். அதற்காக அவள் ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் வக்கீல் வாய்தாமேல் வாய்தா வாங்குகிறார். சௌடேஸ்வரி ஒன்றையும் தவறவிட்டதில்லை. முந்தின நாளே தான் பார்க்கிற நோயாளி வீட்டில் சொல்லி, மாற்றாளை ஏற்பாடு செய்துவிடுவாள். காலை ஒன்பதரைக்கெல்லாம் கோர்ட்டு வராந்தாவில், உள்ளே போகிறவர்கள் எல்லோரும் கடக்க வேண்டிய தூணுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சாட்சி சொல்ல அவளை அழைத்தது ஒரே ஒருநாள். மற்ற நாட்களில் அவள் வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

போன முறை செல்லப்பாண்டி அவளுக்கு எதிரில் தூணில் சாய்ந்து நின்றான். ஆள் இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு நின்றது. தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"இன்னிக்கு ஒண்ணும் நடக்காதுக்கா. ஜட்ஜே லீவாம். வக்கீலு சொல்லிட்டாரு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்து உக்காந்திருக்கீக?"

"நீ வந்திருக்கேல்ல" என்றாள். "அதப் பாக்கத்தான்."

உள்ளேயிருந்து டவாலி அடுத்த வாய்தாத் தேதிகளை வாசிக்க ஆரம்பித்தார். பெயர் வந்ததும் செல்லப்பாண்டி கைகட்டிக்கொண்டு உள்ளே போனான். சௌடேஸ்வரி பின்னாலேயே எழுந்துபோய், தேதியைத் தன் காதால் கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.